அசை நின்ற பசு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அறக்கட்டளைப் பொறுப்பாளர்களே, வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் எனப் பல ஊர்களிலிருந்து இப்பின்னலாடை நகருக்குத் தொழில் தேடி வந்து, அமராவதி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியமர்ந்த சாவகப் பெருமக்களே, தாய்மார்களே!

தமிழாசிரியரை மேடையேற்றினால் சிந்தாமணியோ நீலகேசியோ கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மாட்டின் வயிறு. முகம் சுளிக்க வேண்டாம். அதற்கும் நம் நூலொன்றிலிருந்தே வழி இருக்கிறது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே அவர் ஊர் என்பது கொங்குநாட்டு மரபு. மாணாக்கரைத் தரம் பிரித்த அவர், முதல் மாணாக்கருக்கு அன்னத்தோடு பசுவையும் உவமை ஆக்கினார். வயிறு நிரம்ப மேய்ந்தபின் ஓரிடத்தில் அமைதியாக இருந்து, உண்டதைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து மெல்லும் பசுவைப்போல், கேட்டதை மீண்டும் மீண்டும் சிந்திப்பவனே நல்ல மாணாக்கன் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்த அசைபோடுதல் நின்றுபோனால் பசுவுக்கு என்ன நேரும் என்பதை எந்த உரையும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர்கள்தாம் சொல்லவேண்டியிருந்தது.

பசுவின் வயிறு நான்கு அறைகள் உடையது. இடப்புறம் முழுவதையும் நிறைத்திருப்பது பெருவயிறு. அதற்கு முன்னால், நெஞ்சாங்கூட்டை ஒட்டி, தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்ட சிறு வயிறு. இவ்விரண்டும் ஓய்வின்றிச் சுருங்கி விரிவதால்தான் உண்டது கலந்து, மேலெழுந்து வாய்க்கு வந்து, மீண்டும் இறங்கிப் பின்னறைகளுக்குச் செல்கிறது. நலமுள்ள மாட்டின் இடப்பக்க விலாக்குழியில் கைம்முட்டியை அழுத்தி நின்றால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை அந்த அலை நம் கையைத் தள்ளுவதை உணரலாம். இந்த அசைவுக்கு ஆணை தருவது மூளையிலிருந்து நெடுந்தொலைவு இறங்கிவரும் வேகஸ் என்னும் நரம்பு.

குடல் அடைப்பு என்றவுடன் ஏதோ ஒன்று வழியை மறித்து நிற்பதாகவே எண்ணுகிறோம். அப்படிப்பட்டதும் உண்டு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் ஒரு பசுவின் பெருவயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆயின் வேறொரு வகை அடைப்பும் இருக்கிறது. வழி திறந்தே இருக்கும். மறிக்கும் பொருள் ஒன்றும் இராது. எனினும் உண்டது நகராது. ஆணை தரும் நரம்பு ஊறுபட்டிருக்கும். சுவீடன் நாட்டு ஹோஃப்லுண்ட் என்னும் ஆய்வாளர் 1940-இல் மாடுகளின் வேகஸ் நரம்பை ஆங்காங்கே துண்டித்து, எந்தக் கிளை போனால் எந்த அறை நிற்கிறது என்று வகைப்படுத்தினார். அவர் கையாண்ட முறை என் மனத்துக்கு உவப்பானதன்று. அந்த அறிவைக் கொண்டே இன்று மாடுகள் காக்கப்படுகின்றன என்பதையும் மறைக்க இயலாது.

கத்தி வைக்காமலே அந்த நரம்பு ஊறுபடுவது எவ்வாறு? இங்குதான் நம் ஊர் வருகிறது. பசு தின்னும்போது மென்று பார்ப்பதில்லை. நாவால் வளைத்து இழுத்து விழுங்கிவிடுகிறது. கம்பித்துண்டு, ஆணி, ஊசி எதுவானாலும் தேன்கூட்டு வயிற்றில் போய்த் தங்கும். அவ்வயிறு சுருங்கும்தோறும் ஊசி சுவரில் ஏறும். சுவரைத் துளைத்து முன்னே சென்றால் இதயம். சீழ் கட்டி மாடு இறக்கும். பக்கவாட்டில் துளைத்தால் அங்கே புண்ணும் சீழ்க்கட்டியும் ஒட்டுதலும் உண்டாகி, அவ்வழியே செல்லும் வேகஸ் கிளைகள் செயலிழக்கும். சினைமாட்டில் கருப்பையின் பாரமும் ஊசியை முன்தள்ளும். பின்னல் எந்திரத்து ஊசி விரல்நீளந்தான். முறிந்ததை வெட்டுத்துணிக் குப்பையோடு கூட்டித் தள்ளுவது நம் கூடங்களில் எவ்வளவு இயல்பு! அக்குப்பை தெருமுனைக்கு வருகிறது; அதன்மேல் யாரோ சோற்றை உறையில் கட்டி எறிகிறார்கள்; பசு சோற்றை நாடி வருகிறது.

முதலில் தெரியும் குறி, அசைபோடுதல் குறைவது. மாடு முதுகை வளைத்து, முன்கால் முட்டிகளை விலக்கி நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும், முனகும். நரம்பு கெட்டபின் வயிறு சிறிது சிறிதாக உப்பும். பின்னின்று நோக்கினால் இடப்புறம் ஆப்பிள் போலவும் வலப்புறம் பேரிக்காய் போலவும் தோன்றும் என்பர் மருத்துவர். சாணம் குறைந்து களிபோல் ஒட்டும். சில மாடுகளில் இதயத்துடிப்பும் மெலியும். இந்நிலையில் சீழ்க்கட்டியை வடித்து மீட்ட மாடுகள் உண்டு. நரம்பே அழிந்திருந்தால் மீள்வது அரிது. ஆகவேதான் முதற்குறியை விடக்கூடாது என்கிறேன். வாய்வழியாகக் காந்தம் ஒன்றைச் செலுத்தி, கம்பிகளை அதனோடு ஒட்டவைக்கும் எளிய முறை உண்டு. ஊசி சுவரில் ஏறுமுன் செய்தாலே அதனால் முழுப்பயன்.

நின்ற வயிறு எல்லாம் நரம்பு அறுந்ததால் நின்றது என்றும் கொள்ளற்க. கன்று ஈன்ற மாட்டின் குருதியில் சுண்ணாம்புச் சத்து திடீரெனத் தாழ்ந்தாலும் பெருவயிறு ஓய்ந்துவிடும். பால் காய்ச்சல் என்று பெயர். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்திருக்கும். மருத்துவர் சிரை வழியே கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் மாடு எழுந்துவிடும். அப்போது அவசரப்பட்டு மூங்கிற்குழாயில் எண்ணெய் புகட்டுவோர் உண்டு. சோர்ந்த மாட்டுக்கு விழுங்கும் வலுவும் குறைந்திருக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கைமருந்துக்கு நான் பகையல்லேன். இந்த ஒன்றுக்குப் பகை.

குதிரைகளுக்கும் இத்தகைய நோய் உண்டு. 1909-இல் ஸ்காட்லாந்தில் முதன்முதல் குறிக்கப்பட்ட புல்நோயில் குடற்சுவரின் நரம்பணுக்களே அழிந்து குடல் அசைவற்றுப் போகும். நூறாண்டு கடந்தும் அதன் காரணம் உறுதிப்படவில்லை. நம் தெருப்பசுவின் ஊசிக்கு அத்தகைய மறைபொருள் ஏதும் இல்லை.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். நாம் அறம் என்று செய்வதாலும் பசுவின் வயிறு நிற்கிறது. விழா நாள்களில் பானை பானையாகச் சோறும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுபோய் மாட்டின் முன் வைக்கிறோம். பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லுக்குப் பழகியவை. மாவுப்பொருள் மிகுந்து இறங்கினால் அது விரைவாகப் புளித்து அமிலமாகிறது. அமிலத்தை உணரும் நரம்புகள் வயிற்றசைவை நிறுத்திவிடுகின்றன. உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மிகையாகத் தின்ற மாடு ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும். கொடுத்தவரோ புண்ணியம் ஈட்டியதாக எண்ணி உறங்கியிருப்பார்.

கொல்லும் எண்ணம் இல்லையே, பாவம் எவ்வாறு வரும் என்று கேட்கலாம். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும் இடத்தில் பிரமாதம் என்னும் சொல்லை வைத்திருக்கிறது. கவனமின்மை என்பது அதன் பொருள். உறையை முடிச்சிட்டு எறிவதும், முறிந்த ஊசியைக் குப்பையில் கூட்டுவதும், அளவறியாது ஊட்டுவதும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்பது என் கருத்து. மாறாக, மருத்துவர் மாட்டின் விலாவை அறுப்பது இம்சையாகாதா என்று ஒரு முதியவர் என்னிடம் வினவினார். ஆகாது என்றேன். கத்தி எடுத்த கை கவனமே உருவான கை.

நம்மவருள் கூடம் நடத்துவோர் ஒவ்வோர் எந்திரத்தின் அருகிலும் முறிந்த ஊசிக்கென்று ஒரு டப்பாவை வைத்து, அதை இரும்புக் கடைக்கே அனுப்பவேண்டும். வீட்டு மிச்சத்தை உறையில் கட்டாமல் இடுங்கள். தெருவில் அசைபோடாது நிற்கும் பசுவைக் கண்டால், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணமில்லை.

பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இவ்விழாவை ஒட்டிக் கோசாலைக்கு அனுப்புவதற்கென்று பொங்கற்பானைகள் அடுப்பேறியிருப்பதாக அறிகிறேன். அவற்றை இங்குள்ள குழந்தைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, அதே செலவில் பசும்புல்லும் சோளத்தட்டும் வாங்கி அனுப்பித் தருமாறு கேட்டு அமர்கிறேன்.