16-ம் எண் சட்டைக்கு ஒரு வணக்கம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

"உனக்குப் பிடித்த ஒருவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் சங்கச் செயலாளர். எஞ்சினியர் ஆச்சே, அப்துல் கலாமைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது ஒரு கோல்கீப்பரைப் பற்றி. 2024 ஆகஸ்ட் 8-ம் தேதி பாரிஸில் தன் கடைசி ஆட்டத்தை ஆடி விடைபெற்ற பி.ஆர். ஸ்ரீஜேஷ்.

ராசிங்காபுரத்துக்காரனுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பையன் கையில் மட்டை இருந்தால் அது கிரிக்கெட் மட்டைதான். ஆனால் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு வழியாக இறங்கினால் அந்த ரோடு எர்ணாகுளம் ஜில்லாவுக்குத்தான் போகிறது. அங்கே கிழக்கம்பலம் என்ற ஊரில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் அவர். மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை.

திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் ஓட்டக்காரராகச் சேர்ந்தவரை ஹாக்கிக்கு மாற்றிவிட்டார்கள். 2006-ல் இந்திய அணிக்கு வந்தார். 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் அவர் தடுத்துத்தான் தங்கம் வந்தது. மொத்தம் 336 சர்வதேச ஆட்டங்கள், நான்கு ஒலிம்பிக்.

1980-க்குப் பிறகு 41 வருஷம் ஒலிம்பிக்கில் நமக்கு ஹாக்கிப் பதக்கமே கிடையாது. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னால் நிற்கிறோம். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அடிக்கிற இடத்திலிருந்து கோலுக்குச் சுமார் 15 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு அரை விநாடிக்கு வருகிறது. அந்த அரை விநாடிக்குள் தடுத்தார். நான் துணை மின்நிலையங்களில் பாதுகாப்பு ரிலே பார்க்கிறவன். வருஷக் கணக்கில் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும். கோளாறு வருகிற ஒரு நொடியில் வேலை செய்தாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, கோல் போட்டவர்களைவிட எனக்கு இவரைப் பிடித்தது.

அவருக்குக் கோல்கீப்பர் பேடு வாங்க அப்பா வீட்டு மாட்டை விற்றார். இதை ஸ்ரீஜேஷே ஊரறியச் சொல்லியிருக்கிறார். டோக்கியோ பதக்கத்தைக் கொண்டுவந்து அப்பா கழுத்தில் போட்டார்.

அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடப் படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான்கு வருஷமும் உங்களிடம் என் அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசர் என்று சொன்னேன். அது பொய். விடியுமுன் ஜீப்பில் தொத்திக்கொண்டு, முந்தல் செக்போஸ்ட் தாண்டி மலையேறி, ஏலச்செடிக்கு மருந்தடித்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்பிய கூலி ஆள் அவர். என் முதல் வருஷ ஃபீஸுக்கு அடகு வைத்த அம்மாவின் தோடு திரும்பி வரவே இல்லை. ஒரு தடவை பரீட்சை ஃபீஸ் கட்டப் பணம் கொண்டுவந்தார், ஜீப்பை விட்டு இறங்கின கையோடு. சட்டையெல்லாம் மருந்து வாடை. வாசலிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். "உள்ள போகலையா?" என்று வாட்ச்மேன் கேட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அப்பாதான் சமாளித்தார்.

மறுநாள் போன் போட்டு, வாசலில் நிறுத்தினதைச் சொல்லி அழுதேன். "அதுக்கென்னய்யா இப்ப, அந்த வாடை எனக்கே பிடிக்காது" என்றார். அவ்வளவுதான்.

பாரிஸ் ஆட்டங்களை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். காலிறுதியில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. 40 நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேராகவே ஆடி 1-1 என்று சமன் செய்து, ஷூட்-அவுட்டில் பிரிட்டனை 4-2 என்று வென்றோம். கடைசி ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம். அவர் போட்டிருந்த 16-ம் எண்ணை சீனியர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக்கு மதுரைக்கே வந்தார், இந்திய அணியின் பயிற்சியாளராக. சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்த ஆட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். பேடும் ஹெல்மெட்டும் இல்லாமல் ஓரத்தில் நின்று பையன்களை ஏவிக்கொண்டிருந்தவரை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "இவருதானா, மாட்டை வித்தவரு மகன்?" என்று கேட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களை ஆட அனுப்ப யாரோ எதையோ விற்றிருப்பார்கள். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நான் பத்து வருஷத்துக்கு மேல் வீணாக்கினேன்.

நம் போடிப் பக்கம் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு முடிக்கிறேன். சேட்டா, போயிட்டு வாங்க. ரொம்ப நன்றி.

இன்னொன்று. மூன்றாவது வரிசையில் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. இந்தத் தடவை அவரை வாசலில் நிறுத்தவில்லை.