படத்தில் வளரும் பிள்ளைகள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கலையை ஆராயும் தகுதி நமக்கில்லை. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. ஆகவே, பிள்ளைப் பருவம் நீங்கி வளரும் பருவத்தைக் காட்டும் படங்கள் சிலவற்றைப் பற்றி, ஒரு தகப்பன் என்ற முறையில் நமக்குப் பட்டதைக் கூறுகிறோம்.

1979ஆம் ஆண்டில் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' வெளிவந்தது. கிராமத்துச் சிறுவர் மூவர். ஊருக்குப் புதிதாக வந்த ஆசிரியை மீது அவர்களுக்கு உண்டாகும் மயக்கம். அவர்களுள் ஒருவனின் அகால மரணம். 2024இல் மாரி செல்வராஜ் தம் இளமை நாட்களைக் கொண்டே 'வாழை' என்னும் படத்தை எடுத்தார். அதிலும் ஒரு சிறுவன். அவன் உள்ளங் கவர்ந்த ஓர் ஆசிரியை. ஆனால் முன்னவர்களுக்குச் சுற்றித் திரியப் பொழுது இருந்தது. சிவனணைந்தானுக்கோ விடுமுறை என்றால் வாழைத்தார் சுமக்க வேண்டும். பள்ளிக்கூடந்தான் அவனுக்கு ஓய்வு. பருவம் ஒன்றே, மயக்கமும் ஒன்றே. தோளிலுள்ள பாரம் வேறு. அந்தத் தோளைத் திரையில் காண 45 ஆண்டுகள் ஆயின.

மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த 'காக்கா முட்டை'யில், சென்னைக் குடிசைப் பகுதியின் அண்ணனும் தம்பியும் தண்டவாளத்தோரம் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி விற்றுப் பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். ரெயில்வே ஊழியராகிய நாம் அக்காட்சியைக் கண்டதும், 'இது குற்றமாயிற்றே' என்றே முதலில் எண்ணினோம்! பிறகு வெட்கமுற்றோம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

பையன்களின் கதை இது. பெண் பிள்ளைகள் எங்கே? ஜானகி விஸ்வநாதனின் 'குட்டி' (2001), பட்டணத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியின் கதை. வங்காளத்தில் சத்யஜித் ராய், அப்பு வளர்வதை 1955 முதல் 1959 வரை மூன்று படங்களில் காட்டினார். அக்காள் துர்க்காவோ முதற் படத்திலேயே மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு இறந்துபோகிறாள். 2025இல் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' ஒரு பெண்ணின் பள்ளிப் பருவத்து ஆசைகளைச் சொல்ல முற்பட்டபோது, முன்னோட்டக் காட்சி வந்தவுடனேயே எதிர்ப்புக் கிளம்பியது. நீதிமன்றம் வரை சென்றது. பையன் மயங்கினால் இளமைக் கோலம் என்கிறோம். பெண் மயங்கினால் வழக்குத் தொடுக்கிறோம்.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பெங்களூர் நாட்கள்' (2016) போன்ற படங்களில் இவ்வூர், வெளியூர் இளைஞர் வந்து சிறகு விரிக்கும் இடம். தண்டுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகளை நாம் பார்த்த தமிழ்ப் படம் எதிலும் காணவில்லை.

இவ்வளவு பேசும் நாம் நம் வீட்டில் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். நம் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. ஆஸ்டின் டவுனில் கால்பந்து எப்படிப்பட்டது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது வரை அவளும் தம்பியோடு மைதானத்தில் ஆடினாள். பெரியவளானதும் சீர் வரிசை வைத்து, புடைவை உடுத்திப் படம் எடுத்தோம். மறு வாரமே, 'இனி மைதானம் வேண்டாம்' என்று விதித்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்றே கொண்டோம்.

'வாழை' பார்த்துத் திரும்பும் வழியில் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டாள்: "அந்தப் பையனுக்காக அழுகிறீர்களே அப்பா, என் பந்தை எங்கே வைத்தீர்கள்?"

பந்து பரண்மேல், காற்று இறங்கிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தோம். அன்று முதல் பாட்டியார் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை; அது எங்கள் வீட்டு விஷயம். சனிக்கிழமை மாலைகளில் அவளோடு இன்னும் நான்கு பெண்கள் ஆடுகிறார்கள். ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும். தாய்மார்களே, உங்கள் பெண்களையும் அனுப்புவீர்களா என்று கேட்கவே இம்மேடை ஏறினோம்.