வேலையோடு ஒரு பட்டம்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வேலை செய்துகொண்டே தொலைக்கல்வியில் பட்டம் படிப்பது பற்றிப் பேச வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள. இந்தப் பாடசாலையில் படித்து, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு மறுபடியும் கொப்பியும் பேனையும் எடுத்த ஐந்து பேர் இருக்கிறோம். இருவர் தாதிய உத்தியோகத்தர். ஒருவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஒருவர் முகாமைத்துவ உதவியாளர். ஒருவர் வைத்தியர். வைத்தியருக்குத்தான் மேடையில் நின்று கதைத்துப் பழக்கம் என்று மற்ற நால்வரும் சேர்ந்து முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் பேச்சு ஐவருடையது. ஆகையால் 'நாங்கள்' என்றே பேச அனுமதி தாருங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. நூற்றாண்டு விழா என்றபடியால் அது பொருந்தும். 1858 இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்தவராக இருந்தாலும் தன் பட்டப் பரீட்சையை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி தானாகப் பட்டம் வழங்கவில்லை. லண்டன் பரீட்சைக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை நிலைமை இதுதான். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (லண்டன்)' என்று போட்டுக்கொண்டவர்களில் அனேகர் கப்பலே ஏறாதவர்கள். அவர்கள் எடுத்ததும் வெளிவாரிப் பட்டம்தான். அதை எவரும் குறைவாகச் சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் "எக்ஸ்டேர்னலா?" என்று கேட்கும்போது குரல் ஒரு படி இறங்குகிறது?

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகத்துக்கு 1969 இல் சாசனம் கிடைத்தது. 1971 இல் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். எங்கள் நாட்டில் 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ், 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. தலைமையகம் நாவலையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உண்டு. தாதியருக்கான பட்டப்படிப்பை இந்த நாட்டில் முதன்முதல் தொடங்கியதும் அங்கேதான், 1994 இல். மூன்று வருடப் பயிற்சியை முடித்து, விடுதிகளில் வேலை செய்துகொண்டிருந்த தாதியருக்கு வேலையை விடாமல் பட்டதாரியாகும் வழி அப்போதுதான் திறந்தது. எங்களில் இருவர் அந்த வழியால் போனவர்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். விளம்பரங்களில் இந்தக் கணக்கை எவரும் சொல்வதில்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. ஒரு முழு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். வேலை செய்கிறவர் அதில் பாதியை மட்டும் எடுத்தாலும் வருடத்துக்கு 750. அதை 52 கிழமைகளால் பிரித்துப் பாருங்கள். கிழமைக்குப் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல், நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம். தீபாவளியும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை என்றால்தான் அந்த இரண்டு.

அந்த இரண்டு மணித்தியாலம் எங்கேயிருந்து வரும்? தாதியருக்குக் காலை ஏழு முதல் ஒரு மணி, ஒன்று முதல் மாலை ஏழு, மாலை ஏழு முதல் மறுநாள் காலை ஏழு என்று கடமை மாறி மாறி வரும். பன்னிரண்டு மணித்தியால இரவுக்கடமை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டாத முற்றம், குசினியில் கழுவாத சட்டி. ஆகவே எல்லோரும் கை வைப்பது நித்திரையில்தான். எங்களில் வைத்தியராக இருப்பவர் இதற்குத் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பு. பகலில் படித்தது மூளையில் ஊன்றுவது நித்திரையில்தான். நித்திரையை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது மாதிரி. ஒரே பக்கத்தை நான்கு தரம் வாசித்துவிட்டு எழும்புவதை விட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசித்ததை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் இருபது நிமிடம் பெரிது. பஸ்ஸிலும் அதைச் செய்யலாம். எங்கள் ஆசிரியை பாடத்தைத் தன் குரலில் போனில் பதிந்து, தேங்காய் துருவும்போது கேட்டார். கேட்டுக் கேட்டு அவருடைய ஏழு வயது மகனுக்குப் பியாஜேயின் படிநிலைகள் பாடமாகிவிட்டன.

திறந்த பல்கலைக்கழகம் என்றால் லேசு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இறுதிப் பரீட்சை மண்டபத்துக்குள் போவதற்கே தகுதி வேண்டும். வருடம் முழுக்க ஒப்படைகளும் தொடர் கணிப்பீடுகளும் வரும். அவற்றில் போதிய புள்ளி இல்லையென்றால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது, அந்தப் பாடத்தை மறுபடியும் எடுக்க வேண்டும். கணிப்பீட்டு நாளும் கடமைப் பட்டியலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழும். அப்போது கடமையை மாற்றித் தர யாராவது ஒரு சிநேகிதி வேண்டும். எங்கள் இரு தாதியரின் பட்டத்திலும், இரவுக்கடமை மாற்றிக் கொடுத்த பத்துப் பேருடைய நித்திரை சேர்ந்திருக்கிறது.

2022 ஐ மறக்க முடியாது. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் வரிசை. இன்டர்நெட் வரும் நேரத்தில் கரண்ட் இல்லை. வைத்தியர் பிரித்தானியாவில் பதிந்திருந்தபடியால் கட்டணம் பவுணில் கட்ட வேண்டும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பவுணும் சேர்ந்து ஏறியது. இரண்டு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தானே நாங்கள், இருட்டு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த நாளில் விளக்குக்கு எண்ணெய் விட்டுத் தர அம்மா இருந்தா. இப்போது எண்ணெய் விடுகிற இடத்தில் நாங்கள்தான் நிற்கிறோம்.

எங்களில் ஒருவருக்கு அந்த இடத்தில் மாமி நின்றா. "பிள்ளை, நீ போய் எழுது, புட்டு நான் அவிக்கிறன்" என்று ஐந்து வருடம் பின்னேரம் ஆறு முதல் எட்டு வரை குசினியைப் பொறுப்பெடுத்தா. அந்த வீட்டில் பட்டம் முடிந்தது. முயற்சி திருவினையாக்கும் என்று இந்த மண்டபத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். முயற்சியோடு மாமியும் வேண்டும் என்று அனுபவத்தில் கண்டோம்.

நாங்கள் தொடங்கும்போது ஆறு பேர். ஆறாவது ஆள் எங்கள் எல்லோரிலும் கெட்டிக்காரி. உயர்தரத்தில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். இரண்டாவது வருடத்தில் அவருடைய தகப்பனாருக்குப் பாரிசவாதம் வந்தது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்க, சாப்பாடு கொடுக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. பகலில் வேலை, இரவில் தகப்பன். மூன்று ஒப்படைகள் தவறின, பிறகு பதிவும் போயிற்று. அவர் இன்று இங்கே வரவில்லை. "அவ இடையில விட்டிட்டா" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை நாங்கள் ஏற்பதில்லை. அவர் எதையும் விடவில்லை. அவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்க எவரும் இருக்கவில்லை, நாங்கள் உட்பட.

பட்டம் எடுத்து என்ன கண்டீர்கள் என்றும் கேட்கிறார்கள். அடுத்த மாதச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் எவருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்கள் தாதியரில் ஒருவர் தன் ஆய்வுக்காக நீரிழிவு நோயாளரின் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினார். பட்டம் முடிந்து வருடங்கள் போயும் அவருடைய விடுதியில் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளியின் பாதத்தையும் செருப்பைக் கழற்றிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். முன்பு வைத்தியர் சொல்வதை எழுதிக்கொண்டவர், இப்போது "ஏன் இந்த மருந்து?" என்று கேட்கிறார். ஒரு வைத்தியராகச் சொல்வதானால், அந்தக் கேள்வி சில நாளில் சங்கடமாக இருக்கும், அனேக நாளில் நோயாளிக்கு நல்லது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு அமர்கிறோம். எங்கள் புலமைப்பரிசில் நிதி உயர்தர மாணவிகளுக்கும் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கும் உதவுகிறது. அது நல்ல காரியம், தொடர வேண்டும். முப்பத்தெட்டு வயதில் படிக்கும் பழைய மாணவிக்கு அங்கே ஒரு விண்ணப்பப் படிவமும் இல்லை. அவருக்குப் பணமும் பெரிதாகத் தேவையில்லை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பிள்ளைகளைப் பார்க்க ஒருவர், ஆங்கிலத்தில் எழுதிய ஒப்படையை வாசித்துத் திருத்த ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு முதல் ஒரு மணி வரை பாடசாலை நூலகத்தைத் திறந்து தரும்படி கேட்கிறோம். பிள்ளைகளை நாங்கள் ஐவரும் முறை வைத்துப் பார்ப்போம், முதல் ஞாயிறு வைத்தியரின் முறை. ஆறாவது சிநேகிதிக்காக இன்னொன்றும் பேசி வைத்திருக்கிறோம். அவர் மறுபடி பதிந்தால், கிழமையில் இரண்டு பின்னேரம் எங்களில் ஒருவர் அவருடைய தகப்பனாரோடு இருப்போம்.

அதிபரிடம் கதைத்தோம், சம்மதம் என்றார். நூலகத் திறப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய கையில் இருப்பது என்பதை மட்டும் இன்றைய கூட்டம் முடிவதற்குள் தீர்மானித்துத் தாருங்கள்.