விடுபட்ட ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009ஆம் ஆண்டு சிவில் பிரிவில் படித்து முடித்தவன். "உன் தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றுதான் செயலாளர் கேட்டார். தொழிலைப் பற்றிப் பேசினால் நீங்கள் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவீர்கள். அதனால் 2019 ஜனவரியிலிருந்து 2020 மார்ச் வரை நான் ஊர் ஊராகச் சுற்றியதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய காற்று, நம் மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அறந்தாங்கி என்று ஒரு பக்கத்தையே புரட்டிப் போட்டது. முப்பது வருஷம் வளர்த்த தென்னை ஒரே இரவில் சாய்ந்தது. பலா, வாழை எதுவும் மிஞ்சவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். மறுநாளே கிளம்பி ஊருக்கு வந்தேன். எங்கள் தோப்பில் நின்ற மரத்தை எண்ண இரண்டு கை விரல் போதும். அம்மா அழவில்லை. "போனது போச்சு. மத்த வீடுங்க என்னாச்சுன்னு பாரு. நீ படிச்சவன், ஒரு கணக்கு எழுது" என்றார்.

எழுதினேன். எந்த வீட்டுக்கு ஓடு போயிற்று, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யாருக்கு அரிசி வேண்டும், யாருக்குத் தார்ப்பாய் வேண்டும் என்று லேப்டாப்பில் ஒரு பட்டியல். வெளியூர் நண்பர்கள் அனுப்பிய லாரிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பொருளை இறக்கின. எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். பத்து நாளில் பெங்களூருக்குத் திரும்பிவிட்டேன்.

போன இடத்தில் வேலை ஓடவில்லை. இரண்டு மாதம் தள்ளாடிவிட்டு, 2019 ஜனவரியில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுத் தரும் வேலை கிடைத்தது. வாரத்தில் ஆறு நாள் அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு.

அந்த வருடம் நம் பக்கத்தில் நடந்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் கைக்காசைப் போட்டுக் குளம் தூர்வார ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பெரிய குளத்தை அந்த ஊர்க்காரர்களே இறங்கித் தூர்வாரினார்கள். புயலில் விழுந்த தென்னையை நிமிர்த்த முடியாது, நிலத்தடி நீரையாவது நிமிர்த்துவோம் என்ற எண்ணம் அது.

இது புது விஷயமும் இல்லை. வற்றாத ஆறு என்று ஒன்று நம் மாவட்டத்தில் கிடையாது. அதனால்தான் நம் முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களை வெட்டி வைத்தார்கள். மடைக் கல்லில்கூடக் கல்வெட்டுப் பொறித்த மண் இது. 2017இல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது.

நாங்கள் ஏழு பேர் முதலில் சேர்ந்தோம். ஒரு மெக்கானிக், ஒரு பூ வியாபாரி, இரண்டு கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த ஒரு அண்ணன், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, நான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊர். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் கூட்டம், பிறகு வேலை. மற்ற ஊர்களைப் பார்க்கவும் போனோம். விராலிமலையிலிருந்து மணமேல்குடி வரை பைக்கில் சுற்றினோம். ஜூன் மாதம் மூன்று பேர் ரயிலேறி ராஜஸ்தானில் ஆல்வார் வரை போய்விட்டு வந்தோம். அங்கே ராஜேந்திர சிங் அவர்களின் தருண் பாரத் சங்கம் 1985 முதல் ஊர் மக்களைக் கொண்டு 'ஜோஹட்' எனும் மண் தடுப்புக் குளங்களைக் கட்டி வருகிறது. வறண்டு கிடந்த அர்வரி ஆறு மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் கரையிலுள்ள எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்து, தண்ணீரை எப்படிச் செலவழிப்பது என்று பேச ஒரு நதி மன்றமே அமைத்தன. அங்கே ஒரு பெரியவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை அடி வெட்டினீர்கள்?" என்பதல்ல. "எத்தனை வீட்டில் பேசினீர்கள்?" என்பதுதான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்ததும் எங்கள் ஊர் ஊருணியை எடுத்தோம். இரண்டு ஏக்கர். மூன்றடி ஆழப்படுத்தினால் சுமார் 7,400 கன மீட்டர் மண். அதாவது 74 லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். இந்தக் கணக்கை ஃபிளக்ஸில் அடித்துக் கட்டினோம். அனுமதி வாங்கி, ஜேசிபி வைத்து வெட்டினோம். வண்டலை டிராக்டரில் ஏற்றி வயல்களுக்குக் கொடுத்தோம். கரையைக் கட்டிப் பனைவிதை ஊன்றினோம். செப்டம்பரில் வேலை முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

அக்டோபரில் மழை பெய்தது. பக்கத்துக் குளத்திலெல்லாம் தண்ணீர். எங்கள் ஊருணியில் முழங்கால் அளவுகூட இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா கரையில் நின்று சொன்னார்: "தம்பி, பானையைப் பெருசா வனைஞ்சிட்டீங்க. ஊத்துறதுக்கு ஆள் வேணாமா? வரத்து வாரி அடைஞ்சு நாலு மாசமாச்சு. எங்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடலியே, கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பமே."

சர்வே கேம்ப்பில் டம்பி லெவல் பிடித்து 'ஏ' கிரேடு வாங்கியவன் நான். ஆனால் ஊருணிக்கு வரும் 600 மீட்டர் வாரியை ஒரு தடவைகூட நடந்து பார்க்கவில்லை. கொத்தனார் ஒருவர் ட்யூப் லெவலைக் கொண்டுவந்து பிடித்துக் காட்டினார். பாதி வழியில் ஒரு வயல்காரர் வரப்பை உயர்த்தி வாரியை அடைத்திருந்தார். அந்த இடத்தில் மட்டம் ஒன்றரை அடி மேலே இருந்தது. மழைத் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி ரோட்டோரப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்களில் சிலருக்குக் கோபம். "தாசில்தாருக்கு மனு கொடுப்போம், ராத்திரியோட ராத்திரியா வெட்டி விட்ருவோம்" என்றார்கள். அம்மாதான் தடுத்தார். "அந்த வீட்ல என்ன குறைன்னு யாராவது கேட்டீங்களா?"

கேட்கப் போனேன். இரண்டு ஊர் எல்லையில் தனியாக நிற்கும் வீடு. அந்தப் பெரியவர் திண்ணையில் உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "புயலடிச்சு கூரை முழுக்கப் போச்சு. பதினோரு நாள் ஒருத்தன் எட்டிப் பாக்கல. லாரி அந்தப் பக்கம் போவுது, இந்தப் பக்கம் போவுது. கேட்டா, லிஸ்ட்ல பேரு இல்லேங்கறான். நான் இந்த ஊருமில்ல, அந்த ஊருமில்லேன்னா, என் வயல் வழியா ஊருக்கு எதுக்குத் தண்ணி?"

எனக்கு மோர் இறங்கவில்லை. அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். ரேஷன் கடையை வைத்துத் தெருவாரியாகப் பிரித்தேன். இந்த வீடு அடுத்த ஊர்க் கணக்கில் வரும் என்று விட்டிருக்கிறேன். அடுத்த ஊர்க்காரன் எங்கள் கணக்கில் வரும் என்று விட்டிருக்கிறான். பாராட்டு வாங்கிக்கொண்டு நான் பெங்களூர் பஸ் ஏறியபோது, ஒரு கிழவரும் அவர் மனைவியும் கூரையில்லாமல் நனைந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஐயா, அந்த லிஸ்ட் எழுதினது நான்தான்" என்று சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் வர முடியவில்லை.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில், "அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. ஜேசிபி கொண்டாராதீங்க, வரப்பு போயிரும். ஆள வச்சு வெட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நாலு பேர் மண்வெட்டியோடு போனோம். அதில் பதினெட்டுப் பேர் பெண்கள். நவம்பர் கடைசி மழையில் வாரி வழியாகத் தண்ணீர் வந்தது. ஊருணி நிரம்பியது என்று சொன்னால் பொய். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. போதும்.

நண்பர்களே, அதற்கப்புறம் நாங்கள் முறையை மாற்றினோம். மாற்றியவர் என் அம்மா. நம் பக்கத்து மொய் விருந்து உங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் வந்தால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியதை அவரவர் முறை வரும்போது கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வங்கி தராத முதலை அந்த நோட்டு தந்திருக்கிறது. அம்மா சொன்னார்: "காசுக்கு மொய் நோட்டு இருக்குல்ல, ஆள் வேலைக்கும் ஒண்ணு போடு. இந்த ஊர்க்காரன் அந்த ஊர்க் குளத்துக்கு ஒரு நாள் வந்தா, அந்த ஊர்க்காரன் இங்க ஒரு நாள் வரணும்."

நோட்டுப் போட்டோம். எழுதியதும் அம்மாதான். அந்தக் கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியர். பேராசிரியை கண்ணம்மாள் போன்றவர்கள் முன்னின்றார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில், ராத்திரி வெளிச்சம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி, புதுக்கோட்டை நகரத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்தது. குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதால், லேடீஸ் சைக்கிளை விட ஆண்கள் சைக்கிளையே விரும்பிய பெண்கள் உண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார். அப்படி முன்கம்பியில் உட்கார்ந்துபோன குழந்தைகளில் நானும் ஒருவன். எனக்கு நாலு வயசு. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண் தொண்டர் யார், எந்த ஊர் என்று அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் செய்த மொய் அது. நான் இன்ஜினீயர் ஆனதும் அந்த மொய்யில்தான்.

அந்த நோட்டில் 2020 மார்ச் வரை பதினோரு ஊர்க்காரர்கள் பெயர் ஏறியது. பிறகு ஊரடங்கு வந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பூவெல்லாம் செடியிலேயே வாடியது. அந்த நேரத்தில் நோட்டுத்தான் உதவியது. எந்த ஊரில் யாருக்கு மருந்து வேண்டும், யார் தோட்டத்தில் காய்கறி தேங்கிக் கிடக்கிறது என்று கேட்க, ஒவ்வொரு ஊரிலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. இந்தத் தடவை பட்டியல் எழுதும்போது முதல் பெயராக அந்த எல்லை வீட்டைத்தான் எழுதினேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, பேரு இருந்தாச் சரி" என்றார்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் சங்கம் ஆண்டுதோறும் நிதி திரட்டுகிறது. நல்லது, கொடுங்கள். ஆனால் நான் கேட்பது பணம் இல்லை. இங்கே சிவில் படித்தவர்கள் மட்டும் நூறு பேருக்கு மேல் இருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். ஒரு ஆட்டோ லெவலை எடுத்துக்கொண்டு வாருங்கள். குளத்தை வெட்டும் முன்னால் வரத்து வாரியை முழுக்க நடந்து மட்டம் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு ஊருக்கும் ஆள் வேண்டும். நடக்கும்போது வழியில் இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். மட்டம் பார்ப்பதைப் போலவே அதுவும் வேலைதான்.

நோட்டை இன்றைக்குக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். வாசலில், சாப்பாட்டு டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. பெயரும், வரக்கூடிய ஞாயிறும் எழுதினால் போதும். பேராசிரியர்களும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது.