ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?



"அஞ்சு வெரலும் ஒண்ணாவா இருக்குது?" நம் கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத காது கிடையாது. கூலியைக் கூட்டிக் கேட்டால் இதுதான் பதில். கோயிலுக்குள் நாங்களும் வருகிறோம் என்றால் இதுதான் பதில். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பொறியியல் படித்துக்கொண்டிருந்த சங்கரை, சாதி மீறி மணந்ததற்காக, நடுரோட்டில் வெட்டிக் கொன்றார்களே, அந்த அரிவாளைத் தீட்டிய கல்லும் இதே பழமொழிதான். இன்று இந்தப் பழமொழியோடு வழக்காட வந்திருக்கிறேன். சாட்சிக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

1753இல் பிரான்சில் திஜோன் என்ற ஊரின் அறிஞர் கழகம் ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தது. மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, அதை இயற்கையின் சட்டம் ஒப்புக்கொள்கிறதா என்பது கேள்வி. ஜெனீவாவில் கடிகாரம் செய்து பிழைத்த ஒருவரின் மகன் பதில் எழுதினார். ழான் ழாக் ரூசோ என்று பெயர். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1755இல் அந்தக் கட்டுரை ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாக அச்சேறியது. பரிசு வாங்கிய கட்டுரையை இன்று தேடிப் படிப்பவர் இல்லை. தோற்ற கட்டுரையைத்தான் உலகம் இன்னும் படிக்கிறது.

அதன் தொடக்கத்திலேயே நம் பழமொழிக்குப் பதில் இருக்கிறது. ஏற்றத்தாழ்வு இரண்டு வகை என்கிறார் ரூசோ. வயது, உடல் வலு, புத்திக் கூர்மை, இவையெல்லாம் இயற்கை கொடுத்த வேறுபாடு. ஒருவர் உட்கார மற்றவர் நிற்பது, ஒருவர் ஆணையிட மற்றவர் அடங்குவது, இது மனிதர்கள் செய்து, மனிதர்கள் ஒப்புக்கொண்டதால் நிற்கிற வேறுபாடு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது.

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். சுண்டுவிரல் சிறியது, நடுவிரல் நீளம். சரி. எந்த விரலாவது இன்னொரு விரலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறதா? நடுவிரலுக்கு எவர்சில்வர் டம்ளர், சுண்டுவிரலுக்குக் கொட்டாங்குச்சி என்று எந்தக் கையிலாவது உண்டா? சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அத்தனை விரலும் ஒன்றாகக் குவிகின்றன. பழமொழி சொன்னவன் கையைப் பாதிதான் பார்த்திருக்கிறான்.

ரூசோ அடுத்து ஒரு காட்சி காட்டுகிறார். ஒருவன் ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போடுகிறான். இது என்னுடையது என்கிறான். சுற்றியிருந்தவர்கள் கள்ளங்கபடமில்லாமல் அதை நம்பிவிடுகிறார்கள். நாகரிக சமூகம் அன்றைக்குத் தொடங்கியது என்கிறார். கவனியுங்கள், வேலி போட்டவன் மட்டும் போதாது. நம்புகிறவர்களும் வேண்டும்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்து ஆட்களுக்கு கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி வரிசையாக ஊன்றினால் அது துளிர்த்து, பின்னி, தலைமுறை தாண்டி நிற்கும். காங்கேயம் காளை அந்த வேலிக்குள் வளர்ந்ததுதான். வேலியைக் குறை சொல்லவில்லை, மாட்டுக்கு வேலி வேண்டும். நான் கேட்பது வேறு. போத்தை வெட்டியது யார்? குழி எடுத்து ஊன்றியது யார்? முள் கிழித்தது யார் கையை? பண்ணையத்து ஆள் கையை. வேலி கட்டி முடிந்த அன்று சாயங்காலம் அவர் வேலிக்கு வெளியே நின்றார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து கோயம்புத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயிற்று. ரயத்துவாரி நிலவரி முறை வந்தது, பட்டா வந்தது, வேலி காகிதத்தில் ஏறியது. போத்து ஊன்றியவர் பெயர் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் ஏறவில்லை.

நான் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன். என் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் ஊரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது. எங்கள் பண்ணையத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அருந்ததியர். என் அப்பாரைவிட மூத்தவர். எட்டு வயதுப் பையனான நான் அவரைப் பேர் சொல்லி 'வாடா' என்பேன். அவர் என்னை 'சின்னப் பண்ணாடி' என்பார். அந்த வார்த்தை காதில் விழும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறும். அது என்ன சந்தோஷம் என்று எனக்கு முப்பது வயதில் ரூசோதான் சொல்லித் தந்தார். தன் உயிரைக் காத்துக்கொள்ளும் தன்னன்பு ஒன்று. அது எல்லா உயிருக்கும் உண்டு. அடுத்தவன் கண்ணில் நான் உயர்ந்தவனாகத் தெரிய வேண்டும் என்ற தற்பெருமை இன்னொன்று. அது கூட்டத்தில் பழகிப் பிடிக்கிற நோய் என்கிறார். எட்டு வயதில் எனக்கு அந்த நோயை ஊட்டியிருக்கிறார்கள், பாலோடு சேர்த்து. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நான் தயாரானபோது அவர் உயிரோடு இல்லை.

"இதற்கு வெள்ளைக்காரன் புத்தகம் எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த மண்ணின் வரலாறு தெரியாமல் கேட்கிறார்கள். நம் கொங்கு நாட்டில்தான் ஈரோடு இருக்கிறது. 1925இல் பெரியார் அங்கே 'குடி அரசு' தொடங்கினார். மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் பகுதிகள் 1931இல் அதில் தமிழில் வந்தன. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்டு, தானே அச்சிட்ட சாதி ஒழிப்பு உரையையும் அந்த ஏடுதான் தமிழருக்குக் கொடுத்தது. வெ. சாமிநாத சர்மா ரூசோவின் 'சமுதாய ஒப்பந்த'த்தைத் தமிழாக்கினார். நெசவு மில்லும் பருத்திக் காடுமாக இருந்த இந்தச் சீமைக்கு உலகத்துப் புத்தகங்கள் அந்நியமாக இருந்ததே இல்லை.

அம்பேத்கரை ரூசோவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரூசோவின் வேலி நிலத்தைச் சுற்றியது. நிலத்தை விற்கலாம், வாங்கலாம், இழக்கலாம். நம் வேலி பிறப்பைச் சுற்றியது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிற ஆட்களையே பிரித்துப் படிப்படியாக அடுக்கியது என்று அம்பேத்கர் காட்டினார். ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான், அதனால் படிக்கட்டை இடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இது ரூசோவுக்குத் தெரியாத கணக்கு. இன்னொன்றும் அவருக்குத் தெரியவில்லை. பெண்ணைப் பற்றி எழுதும்போது, ஆணுக்கு உகந்தவளாக அவளை வளர்க்கச் சொன்னவர் அவர். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. நம் சீமையின் விதவை ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. நிலத்தின் கதையில் ரூசோ விட்ட பக்கத்தைக் கொங்குக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று. அதற்குப் பிறகும் சீர் கொடுத்துவிட்டோம், கையெழுத்துப் போடு என்று தங்கச்சியிடம் பத்திரத்தை நீட்டுகிற அண்ணன்மார் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

கையெழுத்து என்றதும் ரூசோ சொல்லும் இன்னொரு காட்சி நினைவுக்கு வருகிறது. பணக்காரன் தன் சொத்துக்குப் பயந்துபோய், வாருங்கள், எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் செய்வோம், பலவீனரைக் காப்போம் என்று அழைத்தான். காப்பு என்று நினைத்து ஏழைகள் விலங்கைத் தாங்களே மாட்டிக்கொண்டார்கள் என்கிறார் ரூசோ. நம் பஞ்சாலைகளின் சுமங்கலித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று வயசுப் பிள்ளைகளை அழைத்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வெறுங்கையோடு பஸ் ஏறிய பெண்கள் எத்தனை பேர்! பெயரில் மங்கலம் இருந்தது, ஒப்பந்தம் எழுதியது ரூசோ சொன்ன அதே பணக்காரன் கைதான்.

கடைசியாக ஒன்று. ரூசோவின் புத்தகம் வந்த அதே 1755இல், நவம்பர் 1 அன்று, லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் விழுந்தது. வால்டேர் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். மறு ஆண்டு ரூசோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு மாடி ஏழு மாடி வீடுகளை நெருக்கி அடுக்கியது இயற்கையா என்று அதில் கேட்டார்.

அதே கேள்வியை நாமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூர், ஏ.டி. காலனி. ராத்திரியெல்லாம் மழை. காலனியை ஒட்டி எழுப்பியிருந்த உயரமான சுற்றுச்சுவர் வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள், அத்தனை பேரும் பட்டியல் சாதி மக்கள். மழை என்றார்கள், இயற்கைச் சீற்றம் என்றார்கள். மழை இயற்கைதான் ஐயா! சுவரை மேகமா கட்டியது? அதன் ஒரு பக்கம் யார், மறு பக்கம் யார் என்று வானமா முடிவு செய்தது? அந்தச் சுவர் ஆபத்து என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தீண்டாமைச் சுவர் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கிளுவைப் போத்தில் தொடங்கியது அந்தச் சுவரில் வந்து முடிந்திருக்கிறது. அதை இயற்கை என்று நம்பிக்கொண்டிருக்கும் வரை, அடுத்த சுவருக்கும் நாம்தான் கல் சுமக்கிறோம்.

வருகிற ஞாயிறு முதல் இந்த அரங்கில் ரூசோவையும் அம்பேத்கரையும் வரி வரியாக, தமிழில், உரக்கப் படிக்கப் போகிறோம். வளவிலிருந்து வருகிறவர்களும் தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் ஒரே ஜமக்காளத்தில் உட்காருவோம், ஒரே டம்ளரில் டீ குடிப்போம். வரும்போது உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரைக் கூட்டி வாருங்கள். அவர் பெயருக்குப் பின்னால் 'ங்க' போட்டுக் கூப்பிட்டுக் கூட்டி வாருங்கள்.