வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கும் பள்ளி உண்டு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரை)



விடியுமுன் எழுந்து, பிரட்டில் பெயர் கொடுத்து, பால் வெட்டி, மங்கு மங்காகப் பால் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பை நாம் அறிவோம். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருள் லயத்துக்குள் எல்லாரும் அறிந்தும், வாசலுக்கு வெளியே எவரும் பேசாத பொருளாக இருப்பதால், சற்று நேரம் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

காது கேளாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, வயதுக்கேற்ற அறிவு வளராத பிள்ளை, எழுத்துக் கூட்டத் தெரியாமல் வகுப்பில் கடைசியில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஆகிய இவர்களைப் பற்றியே பேசப்போகிறோம். இத்தகைய பிள்ளைகளைச் "செய்த வினை" என்று சொல்லி வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. பெற்றோர் அன்பில்லாமல் அப்படிச் செய்வதில்லை. பிறர் கேலிக்கு அஞ்சியே செய்கின்றனர். வேலைக்குப் போகும் நேரத்தில் பாட்டியின் காவலில் விடப்படும் அப்பிள்ளை, பாட்டி காலமான பின் யார் காவலில் இருக்கும் என்ற கேள்வி மட்டும் எந்தப் பெற்றோரையும் தூங்கவிடுவதில்லை.

அண்டை நாடான சிங்கப்பூர் இக்கேள்விக்கு என்ன விடை கண்டது என்பதைச் சொல்லலாம் என எண்ணுகிறோம். அங்கே சென்று வந்தோர் நம்மில் பலர். சிராங்கூன் சாலையில் இறங்கி, தேக்கா சந்தையில் சாப்பிட்டு, வீரமாகாளியம்மனையும் சீனிவாசப் பெருமாளையும் வணங்கி, சேலையோ நகையோ வாங்கித் திரும்பியிருப்பீர்கள். அந்த வட்டாரத்திலேயே பீட்டி சாலை என்று ஒரு சிறு சாலை உண்டு. 1991ஆம் ஆண்டு தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. அச்சாலையின் பெயரைத் தாங்கிய பீட்டி உயர்நிலைப்பள்ளி இப்போது தோ பாயோவில் நடைபெறுகிறது. காது கேளாத மாணவர்கள் கைமொழியின் உதவியோடு, காது கேட்கும் மாணவர்களுடன் ஒரே பள்ளியில் படிப்பதற்கெனக் கல்வி அமைச்சு ஏற்படுத்திய பள்ளிகளுள் அதுவும் ஒன்று.

இந்நிலை ஒரு நாளில் வந்துவிடவில்லை. ஷாங்காயில் பிறந்து, சிறு வயதிலேயே செவிப்புலனை இழந்தவர் பெங் சூ யிங் என்பவர். அவர் சிங்கப்பூருக்கு வந்தபோது காது கேளாத பிள்ளைகளுக்குக் கைமொழியில் கற்பிக்கும் பள்ளி அங்கே இல்லை. 1954ஆம் ஆண்டில் அவரே ஒரு பள்ளியை நிறுவினார். தாம் ஷாங்காயில் கற்ற கைமொழியையே பாடமொழியாக்கினார். அம்மனிதர் கார்ப் பந்தயங்களிலும் கலந்துகொண்டவர் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். ஆனால் அது உண்மை! 1963இல் அப்பள்ளி, உதட்டசைவையும் பேச்சையும் கொண்டு கற்பித்த மற்றொரு பள்ளியுடன் இணைந்து, மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்ச் செவிப்புலனற்றோர் பள்ளியாயிற்று. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 2017இல் அது மூடப்பட்டது. அதன்பின் 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் கைமொழி மாணவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

அந்த 1954ஆம் ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், பினாங்கில் செவிப்புலனற்றோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஜோகூர் பாருவில் பார்வையற்றோருக்கான இளவரசி எலிசபெத் பள்ளி அதற்கும் முந்தியது. ஆகவே இது அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய செய்தி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் 1955இல் தோன்றிய சங்கம் "செவிடர் ஊமையர் சங்கம்" என்றே பெயர் பெற்றிருந்தது. பின்னாளில் "ஊமையர்" என்ற பகுதி நீக்கப்பட்டது. காது கேளாத பிள்ளைக்குத் தொண்டையில் குறை ஏதுமில்லை. கேட்காத ஒலியை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? அதற்குக் கையையும் முகத்தையும் கொண்ட ஒரு மொழி கிடைத்துவிட்டால் பேச்சு தானே வரும். ஷாங்காய்க் கைமொழி, அமெரிக்கக் கைமொழி, உள்ளூர்ச் சைகைகள் யாவும் கலந்து சிங்கப்பூருக்கென்றே ஒரு கைமொழி இன்று வளர்ந்திருக்கிறது. நம் ஊரில் "ஏய் ஊமை" என்று கூப்பிடுவோர் இனியேனும் அப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

பார்வையற்றோரின் கல்வியும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியது. 1951இல் பார்வையற்றோர் சங்கமும், 1956இல் தோ பாயோ ரைசில் பள்ளியும் ஏற்பட்டன. அப்பள்ளி இன்று லைட்ஹவுஸ் பள்ளி எனப்படுகிறது. விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தில் ஆறு புள்ளிகளே உண்டு. அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். நம் தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த பாரதி பிரெய்லில் உயிர்மெய்க்கெனத் தனித்தனி வடிவங்கள் இல்லை. 'க'வின் புள்ளிகளை அடுத்து 'ஆ'வின் புள்ளிகளை இட்டால் 'கா' ஆகிவிடும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் தெரிந்தாலே ஏறக்குறைய முழுத்தமிழும் விரல் நுனிக்கு வந்துவிடும்.

சொல்லப்போனால், கண் தெரிந்த பிள்ளைகளுள் சிலருக்கே நம் எழுத்து அதைவிடக் கடினம். இதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்; ஏனெனில் நம் பள்ளிகளில் "மக்கு" என்ற பெயரோடு வெளியேறும் பிள்ளைகளுள் சிலர் இவ்வகையினராக இருக்கக்கூடும். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறையுடைய பிள்ளைக்கு அறிவு குறைவன்று. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரனாகவும், கையில் கொடுத்த பழுதான மிதிவண்டியைச் சீர்படுத்துபவனாகவும் இருப்பான். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் அவனுக்கு இடர்ப்பாடு. 'கெ' என்று எழுதும்போது கொம்பை முன்னே போடுகிறோம். ஒலிக்கும்போதோ 'க்' முன்னும் 'எ' பின்னும் வருகின்றன. 'கொ' என்பதில் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம், நடுவில் மெய். ல, ள, ழ என்றும், ந, ன, ண என்றும் ஒலியில் நெருங்கியவை வேறு. பழகிய நமக்கு இவை தெரிவதே இல்லை. அப்பிள்ளைக்கோ ஒவ்வொன்றும் ஒரு முள்வேலி.

அடித்தால் வேலி தாண்டுமா? சிங்கப்பூரில் 1991இல் தொடங்கிய டிஸ்லெக்சியா சங்கம் இத்தகைய பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி அளித்து வருகிறது. இப்பயிற்சியின் அடிப்படை எளிது. கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, விரலால் எழுதி, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வித்து, ஒன்று நன்கு படிந்த பிறகே அடுத்ததற்குச் செல்வது. நம் முன்னோரின் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து, 'அ'னா என்று வாய்விட்டுச் சொல்லவைத்து எழுதச்செய்தார்களே, அந்த மணலை நாம்தான் தூக்கி எறிந்துவிட்டோம்.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கதை வேறு. இவர்களுக்காக 1962இல் ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்று அதை மைண்ட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கின்றனர். இப்பிள்ளைகளுக்குப் பாடநூலைவிட வாழ்க்கைப் பாடமே முதன்மையானது. சட்டைப் பொத்தான் போடுதல், சில்லறை எண்ணுதல், பேருந்து ஏறுதல் முதலியன. ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இம்முறை உங்களுக்குப் புதிதன்று. மரம் வெட்டப் புதிதாக வந்தவனிடம் கத்தியைக் கொடுத்தவுடனே நிரை முழுவதையும் வெட்டச் சொல்கிறோமா? கத்தியைப் பிடிக்கும் விதம், சாய்வு, மரத்தின் உள்ளுடலில் காயம் படாமல் பட்டையைச் சீவும் ஆழம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். சிலர் ஒரு வாரத்தில் பழகுவர். சிலர் ஒரு மாதம் எடுப்பர். மாதம் எடுத்தவன் வெட்டிய மரத்திலும் அதே பால்தான் வடிகிறது.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய பிள்ளைகளுக்கெனப் பாத்லைட் பள்ளி 2004இல் தொடங்கியது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாவிட்டால் இப்பிள்ளைகளுள் பலர் கலங்கிப்போவர். ஆகவே குளித்தல், உண்ணுதல், வகுப்பு, விளையாட்டு என நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசையில் ஒட்டி வைப்பது வழக்கம். அட்டையும் பசையும் இருந்தால் லயத்து வீட்டுச் சுவரிலும் இதைச் செய்யலாம்.

இவ்வளவும் கேட்டு, சிங்கப்பூரில் எல்லாம் குறைவின்றி நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சிறப்புப் பள்ளிகளைத் தொடங்கியவை பெரும்பாலும் அறநிறுவனங்களே. இன்றும் அவையே அரசின் நிதியுதவியோடு நடத்துகின்றன. பிள்ளைகள் யாவரும் பள்ளிக்குச் செல்லவேண்டும் என்ற கட்டாயக் கல்விச் சட்டம் 2000இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தபோது, சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். விலக்கு என்ற சொல் சலுகை போல் ஒலிக்கிறது. உங்கள் பிள்ளை வராவிட்டாலும் கேட்கமாட்டோம் என்பதே அதன் பொருள். மிதமான, கடுமையான குறைகளுடைய பிள்ளைகளும் அச்சட்டத்துக்குள் வந்தது 2019இல்தான். பெங் சூ யிங் பள்ளி தொடங்கியதிலிருந்து அறுபத்தைந்து ஆண்டுகள்! அவர் சட்டத்துக்காகக் காத்திருந்திருந்தால் எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் வீட்டோடு இருந்திருப்பர்?

இலேசான குறையுடையோர் பெரும்பாலும் சாதாரணப் பள்ளிகளிலேயே படிக்கின்றனர். சிறப்புத் தேவையுடைய மாணவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அத்தகையோர். அவர்களுக்குத் துணைபுரியத் தனி அலுவலர்கள் 2005 முதல் பள்ளிகளில் அமர்த்தப்பட்டு வருகின்றனர். பள்ளிக்குப் போகும் வழியும் மெல்லத் திருந்தியது. 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயிலின் ஆரம்ப நிலையங்களில் சக்கர நாற்காலி ஏற மின்தூக்கி இல்லை. 2006க்குள் நிலையந்தோறும் அமைத்தார்கள். 2003இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியா நிலையத்தில் அது தொடக்கத்திலேயே இருந்தது. வெளியே வந்து பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஏறினால், கடைக்குக் கடை ஏற்ற இறக்கம். சக்கர நாற்காலி அங்கே இன்னும் திண்டாடத்தான் வேண்டியிருக்கிறது.

ரான் சந்திரன் டட்லி என்ற பெயரையும் நீங்கள் அறியவேண்டும். இளமையில் ரக்பி ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் பார்வையிழந்த சிங்கப்பூரர் அவர். 1980இல் கனடாவின் வினிப்பெக் நகரில் உடற்குறையாளர் மறுவாழ்வு பற்றி உலக மாநாடு கூடியது. முடிவு செய்யும் அவையில் பாதி இடம் உடற்குறையாளருக்கே வேண்டும் என்று கேட்டபோது, மாநாடு மறுத்துவிட்டது. தொழிலாளரில்லாத தொழிற்சங்கம் போன்ற நிலை அது. மறுக்கப்பட்டவர்கள் தமக்கெனத் தனி உலக அமைப்பு ஒன்றைக் கட்டினர். அதன் முதல் மாநாடு 1981இல் சிங்கப்பூரில்தான் கூடியது. முதல் தலைவராக ரான் சந்திரன் டட்லி விளங்கினார்.

தாய்மார்களிடம் ஒன்று தனியே சொல்லவேண்டும். பேச்சு தாமதமான பிள்ளையிடம் தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில், அதுவும் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று அறிவுரை கூறுவோர் சிங்கப்பூரிலும் உண்டு, இங்கும் உண்டு. இருமொழி கேட்பதால் மதியிறுக்கமுடைய பிள்ளையின் பேச்சு மேலும் குன்றுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் பேசினால் தாலாட்டும் கொஞ்சலும் கண்டிப்பும் பாதியாகிவிடும். தமிழிலேயே பேசுங்கள்.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். சமூகத்தைச் சார்ந்த மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது; பி.டி.கே. என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடற்குறையாளர் சட்டம் 2008இல் வந்தது. சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கலாகாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. சட்டமும் கொள்கையும் இருக்கின்றன. ஆனால் அவை தோட்டத்துக்குள் தாமாக நடந்து வருவதில்லை.

கைதட்டினால் திரும்பாத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் முகம் பார்க்காத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை எவரேனும் இருப்பின், "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்க வேண்டா. ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்ளும் அம்மா இதை முதலில் கவனிக்கக்கூடியவர். அவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். பிறப்புப் பத்திரத்தையும் மருத்துவமனைக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் உறுதிப்படுத்தியபின் சமூகநல இலாகாவில் உடற்குறையாளராகப் பதிந்து அட்டை பெறலாம். அட்டை கிடைத்தபின் சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள அருகிலுள்ள பள்ளி எது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதோர் முதலில் அதற்கு மனுச் செய்யவேண்டும். பத்திரமில்லை என்பதற்காகப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மலாயில் படிவம் நிரப்பத் தயங்குவோர் இக்கூட்டம் முடிந்தபின் இங்கேயே அமர்ந்திருங்கள். பிள்ளையையும் அழைத்து வரலாம்.