பலகையிலிருந்து பக்கத்துக்கு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“விளையாட்டு என்றால் முதல் ஆளாக ஓடுவான், புத்தகத்தை எடுத்தால் தூங்கிவிடுவான்.” ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும் பேச்சு இது. விளையாட்டும் வாசிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அது உண்மையா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த சில இதழ்களின் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சென்னைக்கு அருகே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் பலகைமேல் நின்று அலையோடு வருவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதே அலைச்சறுக்கில் ஊறியவர் ஜான் செவர்சன். கலைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றவர்; அலைச்சறுக்கு பற்றித் திரைப்படங்களும் எடுத்தார். 1960இல் தம் படம் ஒன்றோடு சேர்த்து விற்பதற்காக 36 பக்கங்களில் ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார். அதுவே ‘சர்ஃபர்’ என்ற இதழாக வளர்ந்து 2020 வரை வெளிவந்தது.

அலை இல்லாத நாளில் என்ன செய்வது? பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் சறுக்கினார்கள். அதுதான் ஸ்கேட்போர்டு. அதற்கும் 1964இல் செவர்சனின் நிறுவனம் ஒரு காலாண்டிதழ் தொடங்கியது. நான்கே இதழ்களில் நின்றுபோனது. 1975இல் அது மீண்டும் வந்தபோது, கிரெய்க் ஸ்டீசிக் என்பவர் சாண்டா மோனிகா, வெனிஸ் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி அதில் எழுதினார், படங்களும் எடுத்தார். தண்ணீர் இல்லாத நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களில் ஏறிச் சறுக்கிய பிள்ளைகள் அவர்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் தொல்லை. இதழைப் படித்த மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கோ அவர்கள் முன்மாதிரி.

1970களின் இறுதியில் ஸ்கேட்போர்டுத் திடல்கள் வரிசையாக மூடப்பட்டன. யாராவது விழுந்து அடிபட்டால் வழக்கு வரும் என்ற அச்சமும் காப்பீட்டுச் செலவும் முக்கியக் காரணங்கள். விளையாட்டே முடிந்தது என்று பலர் நினைத்த நேரத்தில், 1981 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ‘த்ராஷர்’ இதழ் தொடங்கியது. முதல் இதழாசிரியர் கெவின் தாட்சர், தாமே ஸ்கேட்போர்டு ஆடுபவர். அந்த இளைஞர்கள் கேட்ட பங்க் இசைக்கும் இதழில் இடம் கிடைத்தது.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திடல் இல்லாத பிள்ளைகள் வீட்டுக் கொல்லையில் மரத்தால் சறுக்குமேடை கட்டிக்கொள்ள, த்ராஷர் வரைபடங்கள் வெளியிட்டது. வளைவின் ஆரம் எவ்வளவு, சட்டங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, ஒட்டுப்பலகை எத்தனை வேண்டும் என்றெல்லாம் அளந்து பார்க்க வேண்டிய வேலை அது. ஆரத்தைத் தவறாகப் படித்தால் மேடை கோணலாகும், ஆடுபவன் விழுவான். வித்தைகளையும் இப்படித்தான் கற்றார்கள். இணையம் இல்லாத காலத்தில், வரிசையாக எடுத்த புகைப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கால் எங்கே, எடை எந்தப் பக்கம் என்று ஊன்றிப் படித்தார்கள். இதை வாசிப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த இதழ்களை அப்படியே கொண்டாடவும் வேண்டாம். த்ராஷரின் முரட்டு மொழி பல இடங்களில் வகுப்பறைக்கு ஏற்றதல்ல. அதைத் தொடங்கிய ஃபாஸ்டோ விடெல்லோவும் எரிக் ஸ்வென்சனும் ஸ்கேட்போர்டு அச்சுகள் தயாரித்து விற்றவர்கள். விளையாட்டு பிழைத்தால்தான் அவர்கள் வியாபாரமும் பிழைக்கும். ‘சுதந்திரமான இதழ்’ என்றாலும் அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க, உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல பாடம்.

இனி நம் வகுப்புக்கு வருவோம். கையெழுத்து இதழ் நமக்குப் புதிதல்ல. ஆனால் அதில் யார் எழுதுகிறார்கள்? கையெழுத்து அழகாக உள்ள நான்கைந்து பிள்ளைகள். எதை எழுதுகிறார்கள்? பெரும்பாலும் பொன்மொழியும் பொது அறிவுத் துணுக்கும். ஒரே ஒரு இதழை மாற்றிச் செய்து பாருங்கள். கடைசி வரிசைப் பையனிடம், “பம்பரத்துக்குச் சாட்டையை எப்படிச் சுற்றுவாய்? எழுதிக் கொடு” என்று கேளுங்கள். கிணற்றில் நீந்தத் தெரிந்த மாணவி, பறை அடிக்கத் தெரிந்த மாணவன், சிலம்பம் பழகும் பிள்ளை என எல்லாரும் எழுதட்டும். எழுத வராதவர் படம் வரையட்டும். சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும்.

சிவப்பு மையை உடனே எடுக்காதீர்கள். பம்பரமே விட்டறியாத ஒரு மாணவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, படித்தபடி செய்யச் சொல்லுங்கள். பம்பரம் சுற்றினால் எழுத்து தேறிவிட்டது. சுற்றாவிட்டால், எந்த வரி விடுபட்டது என்று எழுதியவரே கண்டுபிடிப்பார். தானாகத் திருத்தி எழுதுவார். பிழை திருத்தம் அதற்குப் பிறகு வரட்டும்.

படிக்காத பிள்ளை என்று நாம் ஒதுக்கியவரிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவது நம் கையில்தான் இருக்கிறது.